நினைத்தது நடக்காவிட்டால் “எனக்கு எப்பவுமே இப்படித்தான்” என்கிறான் ஆறு வயது மகன், என்ன செய்யலாம்?

சின்னவன் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு ஆறு வயது. கலகலப்பான பிள்ளை, புது ஆட்களிடம்கூடச் சட்டென்று ஒட்டிக்கொள்வான். ஆனால் ஒன்றை எதிர்பார்த்து அது நடக்கவில்லை என்றால் அன்றைய நாள் அவ்வளவுதான். அழுகை, கத்தல், காலை உதைப்பது எல்லாம் எல்லாப் பிள்ளைகளிடமும் இருப்பதுதான், அதற்காக இங்கே எழுதவில்லை. அழுது ஓய்ந்த பிறகு அவன் வாயிலிருந்து வருகிற பேச்சுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சமீபத்தில் வகுப்பில் சில பிள்ளைகளின் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், இவன் வரைந்த டைனோசர் அதில் இல்லை. வீட்டுக்கு வந்தவன் முதுகுப்பையைக்கூடக் கழற்றவில்லை, கதவோரமாக உட்கார்ந்து ஷூவின் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பதும் திரும்ப ஒட்டுவதுமாக இருந்தான். என்னடா என்று கேட்டால், “எனக்கு எப்பவுமே இப்படித்தான் ஆகும், நான் எது பண்ணாலும் நல்லா வராது, இனிமே படமே வரைய மாட்டேன்” என்றான். நானும் வழக்கம்போல, “அதெல்லாம் இல்லடா கண்ணா, உன் படம்தான் சூப்பர், அடுத்த தடவை கண்டிப்பா ஒட்டுவாங்க பாரு” என்றேன். நிமிர்ந்து பார்த்து, “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளையாட வருவதாக இருந்த நண்பனுக்குக் காய்ச்சல், வர முடியாது என்று போன் வந்தது. காலையிலிருந்து அவனுக்காக வரிசையாக அடுக்கி வைத்திருந்த கார்களை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டான். அப்புறம் சாயங்காலம் வரை எதைக் காட்டினாலும் “வேண்டாம், போர்”. அவனுக்கு உயிரான பொருட்களை எடுத்து நீட்டினாலும் அதே பதில்தான்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். அவர், “விடு, பழகட்டும், உலகம் இப்படித்தான் இருக்கும்” என்கிறார். மாமியார், “ஆம்பளப் பிள்ளை அழலாமா, கண்ணைத் துடை” என்று சொல்லிவிட்டு மறு நிமிஷமே கையில் போனைக் கொடுத்துவிடுகிறார். நான் நடுவில் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருக்கிறேன். நம்பிக்கையோடு இருப்பது பிறவியிலேயே வருவதா, சொல்லிக்கொடுக்க முடிகிற விஷயமா? பொய் சொல்லாமல் எப்படித் தேற்றுவது? ஒன்று கைவிட்டுப் போனாலும் அன்றைக்கே வேறொன்றில் சந்தோஷப்படலாம் என்பதை இந்த வயதில் எப்படிப் புரியவைப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ் டீச்சர்

பாலர் வகுப்பிலும் ஒன்றாம் வகுப்பிலும் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டுகிறவள் நான். “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டானே, அதற்காகவே அவனைத் தட்டிக்கொடுக்கலாம். வெறும் சமாதானத்தைப் பிள்ளைகள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். அடுத்த தடவை ஒட்டுவார்களா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவன் டீச்சருக்கே தெரியாமல் இருக்கலாம். தெரியாத ஒன்றை உறுதியாகச் சொன்னால், அது நடக்காதபோது அவன் இரண்டு முறை ஏமாந்துபோகிறான், ஒன்று படத்தில், இன்னொன்று உங்களிடம்.

வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். நடந்ததை நடந்தபடி, ஊதவும் வேண்டாம் பூசி மெழுகவும் வேண்டாம், ஒரே வரியில் சொல்லிவிடுவேன். “உன் படம் இருக்கும்னு ஆசையா போய்ப் பார்த்த, இல்ல. கஷ்டமா இருக்கு.” அவ்வளவுதான், அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை, பிள்ளையின் உதடு பிதுங்குவதைப் பார்த்த இரண்டாவது வினாடியே நமக்குத் தீர்வு சொல்லக் கை பரபரக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருங்கள். விம்மல் குறையும், தோள் கொஞ்சம் இறங்கும், ஒரு நீளமான மூச்சு வரும், சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் சொல்கிற எந்த வார்த்தையும் உள்ளே போகாது, அதற்குப் பிறகு பெரும்பாலும் நாம் நிறையச் சொல்லவே தேவைப்படாது.

அந்த நேரத்தில் கேள்வி கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். “அந்த டைனோசர்ல உனக்குப் பிடிச்ச இடம் எது?” என்று கேட்டால் “பல்லு” என்பான், இல்லாவிட்டால் “வாலை இன்னும் பெருசா போட்டிருக்கணும்” என்பான். இரண்டுமே நல்ல பதில். படம் சுவரிலிருந்து திரும்ப அவன் கைக்கு வந்துவிட்டது.

“சூப்பர்” பற்றி ஒரு வார்த்தை. 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் இருவரும் சேர்ந்து பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளை வெளியிட்டார்கள். புதிர்களை நன்றாகப் போட்டதும் சிலரிடம் “நீ புத்திசாலி” என்றும் சிலரிடம் “நன்றாக உழைத்திருக்கிறாய்” என்றும் சொன்னார்கள். பிறகு கஷ்டமான புதிர்களைக் கொடுத்து வேண்டுமென்றே தடுமாற வைத்தார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களுக்கு அதன்பின் விளையாட்டில் ருசி குறைந்துபோனது, மறுபடியும் சுலபமான புதிரைக் கொடுத்தபோது முதல் தடவையைவிட மோசமாகப் போட்டார்கள். நீ பிறவி ஓவியன் என்று கேட்டு வளர்கிற பிள்ளை, படம் ஒட்டப்படாத அன்று என்ன முடிவுக்கு வரும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் அவன் செய்ததைச் சொல்லுங்கள், “அழிச்சு அழிச்சு அந்தக் காலை சரி பண்ணின, நான் பார்த்தேன்” என்கிற மாதிரி.

ஆனால் இதையும் மந்திரமாக்கிவிடாதீர்கள். உயிரைக் கொடுத்து வரைந்தும் கிடைக்காத பிள்ளையிடம் போய் “இன்னும் முயற்சி பண்ணு” என்றால் அது வெந்த புண்ணில் வேல். போகிற போக்கில் இன்னொன்று, ஆறு வயதுப் பிள்ளைகள் வரைந்ததில் பொறுக்கியெடுத்து ஒட்டுவது எனக்கு ஒப்பாத விஷயம். வகுப்பாசிரியரைப் பார்த்தால், “என் பிள்ளை படம் ஏன் இல்லை” என்று ஆரம்பிக்காமல், எல்லாருடைய படங்களையும் முறை வைத்து மாற்றி மாற்றி ஒட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள். பல டீச்சர்கள் அதைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டார்கள்.

நேர்கோடு

மன்னிக்கவும், நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. ஒவ்வொரு சின்ன ஏமாற்றத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, மெதுவாகப் பேசி, கேள்வி கேட்டு என்று போனால் இது ஏதோ பெரிய விஷயம் போலிருக்கிறது என்றுதான் பிள்ளை நினைக்கும். கீழே விழுந்த குழந்தை அழுவதற்கு முன் நம் முகத்தைப் பார்க்கும், கவனித்திருக்கிறீர்களா? நாம் பதறினால் அழும், “எழுந்துக்கோ” என்றால் பாதி நேரம் எழுந்து ஓடிவிடும்.

என் வீட்டில் இரண்டு வால்கள். பாம்பும் ஏணியும், சீட்டு, கேரம் என்று எது ஆடினாலும் நான் வேண்டுமென்றே தோற்பதில்லை. தொண்ணூற்றெட்டில் நிற்கும்போது பெரிய பாம்பு கடித்தால் சின்னவள் பலகையையே கவிழ்த்துவிடுவாள். “கடிச்சிடுச்சா, இறங்கு, உன் ஆட்டம் முடியல, உருட்டு.” இதற்கு மேல் நான் பேசுவதில்லை. இப்போது கவிழ்ப்பதில்லை, “ஐயோ பாம்பு” என்று கத்திவிட்டுத் தாயக்கட்டையை எடுக்கிறாள். தோற்பதால் ஒன்றும் குடிமுழுகிப் போகாத இடத்தில்தான் தோற்றுப் பழக வேண்டும். வீட்டில் எல்லோரும் விட்டுக்கொடுத்து ஒப்புக்குச் சப்பாணியாக ஆடவிட்டு வளர்த்தால் வெளியே முதல் தோல்வியே தாங்காது.

போனைக் கொடுக்கிற விஷயத்தில் மட்டும் உங்கள் மாமியாரிடம் எப்படியாவது பேசுங்கள்.

அரைகுறை உளவியல்

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முறையாகப் படித்தவன்தான், பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். டீச்சர் சொன்னதும் நேர்கோடு சொன்னதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. முகத்தைப் பார்க்கிற விஷயத்தில் நேர்கோட்டுக்கு ஆய்வே துணை நிற்கிறது, 1985-இல் வெளியானது. ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு கண்ணாடிப் பரப்பின் மேல் விட்டார்கள், கீழே பள்ளம் இருப்பது போலத் தெரியும், எதிர்ப்பக்கம் அம்மா. அம்மா சிரித்த முகமாக இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் தவழ்ந்து கடந்தார்கள், பயந்த முகம் காட்டினால் ஒன்றுகூடக் கடக்கவில்லை. ஆக, பிள்ளையின் சோகத்துக்கு இடம் கொடுங்கள், அதே நேரம் நீங்கள் பயப்படாதீர்கள். உங்கள் கேள்வியைப் படித்தால் மகனைவிட நீங்கள்தான் அதிகமாகக் கலங்கியிருப்பது போலத் தெரிகிறது, அவனும் அதைப் படித்துக்கொண்டுதான் இருப்பான்.

அவன் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். “எனக்கு”, “எப்பவுமே”, “எது பண்ணாலும்”. மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர் பல வருடங்களாகப் பேசிவரும் மூன்று விஷயங்களும் இந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. கெட்டது நடக்கும்போது, இது மாறவே மாறாது, எல்லாவற்றிலும் இப்படித்தான், காரணம் நானே என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொள்கிறவர்கள் சீக்கிரம் மனம் விட்டுப்போகிறார்கள். இந்த முறை இப்படி ஆயிற்று, இந்த ஒன்றில் மட்டும், வேறு காரணங்களும் உண்டு என்று சொல்லிக்கொள்கிறவர்கள் எழுந்து வருகிறார்கள். நடந்தது இருவருக்கும் ஒன்றுதான், அதைச் சொல்லிக்கொள்கிற விதம்தான் வேறு, அந்த விதத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்க முடியும். பிறவிக் குணத்துக்கும் ஒரு பங்கு உண்டு, இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அப்படித்தான் சொல்கின்றன, ஆனால் அது முழுப் பங்கு இல்லை.

எப்படிப் பழக்குவது? அழுகிற நேரத்தில் இல்லை. இரவு படுக்கும்போதோ மறுநாள் நடந்து போகும்போதோ, “எப்பவுமேன்னு சொன்னியே, நிஜமாவே எப்பவுமேவா? யோசிச்சுப் பார்ப்போமா” என்று துப்பறிகிற விளையாட்டாகக் கொண்டுபோங்கள். வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்தால் அவன் தன் கட்சியை இன்னும் பலமாகப் பிடித்துக்கொள்வான். “எத்தனை படம் ஒட்ட இடம் இருந்துச்சு?” “வேற யாரு படம் இல்ல?” என்று கேட்டாலே விஷயம் தானாகச் சுருங்கும், “இந்தத் தடவை என் டைனோசர் இல்லை” என்ற அளவுக்கு வந்து நிற்கும். அது உண்மை, அதைத் தாங்கவும் முடியும்.

அப்புறம் அவன் இந்தப் பேச்சை எங்கே பிடித்தான் என்றும் காதைத் திறந்து வைத்துக் கேளுங்கள். கிறிஸ்டி லாக்ஹார்ட்டும் உடன் ஆய்ந்தவர்களும் 2002-இல் எழுதியது, ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிக நம்பிக்கைக்காரர்கள், இன்றைக்கு ஒருவரிடம் இருக்கிற குறை வளர்ந்தால் சரியாகிவிடும் என்று தாங்களாகவே நம்புகிறவர்கள். அப்படியிருக்க “எப்பவுமே” என்பது பெரும்பாலும் கடன் வாங்கின சரக்காக இருக்கும். “இந்த வீட்டில் ஒரு வேலை உருப்படியா நடக்காது”, “நான் எங்க போனாலும் வரிசை நீளமாத்தான் இருக்கும்” என்று யாராவது புலம்பிக்கொண்டே இருக்கிறார்களா பாருங்கள்.

“ஆம்பளப் பிள்ளை அழலாமா” பற்றியும் சொல்லியாக வேண்டும். 1984-இல் கரோலின் சார்னி ஒரு ஆய்வு செய்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் தடவை நல்ல பரிசு கொடுத்தார்கள், அடுத்த தடவையும் அதே மாதிரி எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கைக்குழந்தைகளுக்கான சப்பை பொம்மை ஒன்று. வயதில் பெரிய பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் சிரித்து நன்றி சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்து பமீலா கோல் பார்த்தபோது மூன்று நான்கு வயதுச் சிறுமிகளே பரிசு கொடுத்தவர் எதிரில் இருக்கும்போது மறைத்தார்கள். அதாவது ஏமாற்றத்தை மறைக்கப் பிள்ளைகள் நாம் சொல்லாமலே சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். அழாதே என்று அதட்டினால் அந்த மறைக்கிற திறமைதான் வளரும், உங்கள் பார்வையில் பிள்ளை ‘தேறிவிட்ட’ மாதிரி இருக்கும்.

சின்னவன் அம்மா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அரைகுறை சார், நான் கலங்கியிருக்கிறேன் என்று சொன்னது சுருக்கென்று தைத்தது, ஆனால் சரிதான். “எப்பவுமே” எங்கிருந்து வந்தது என்று தேடப் போகவே வேண்டியதில்லை, எங்கள் வீட்டில் அது நாள் முழுக்க ஓடுகிற வார்த்தை.

இரண்டு சந்தேகம். ஏமாற்றம் நியாயமாகவே இருந்தால்? ஓட்டப் போட்டியில் இவன் கடைசி அல்லது அதற்கு முந்தின இடம், ஒவ்வொரு முறையும். “நான் மெதுவா ஓடுறவனா அம்மா?” என்று கேட்டால் அது உண்மைதானே, எப்படி இல்லை என்பது. இன்னொன்று, அவர் “அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிச் சொல்லி வேலையால் தள்ளிப்போகும், அவர் மேல் தப்பில்லை, ஆனால் பிள்ளை இப்போதெல்லாம் அவர் சொன்னதும் “ம்” என்று மட்டும் சொல்கிறான்.

பேரப்பிள்ளைக் கூட்டம்

அம்மாடி, நீ கேட்டதில் மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. வேறொன்றில் எப்படிச் சந்தோஷப்பட வைப்பது என்று கேட்டாய் அல்லவா? வைக்க முடியாது. அதுதான் என் பதில். நீ ஒன்று மாற்றி ஒன்றாக எடுத்து நீட்ட நீட்ட அவன் “வேண்டாம்” என்பதில்தான் கெட்டியாக நிற்பான், அந்த நேரத்தில் அவன் கையில் இருக்கிற ஒரே அதிகாரம் அதுதானே.

பேத்தி ஒருத்தி, ஐந்து வயது. போவதாக இருந்த ஊர்ப்பயணம் கடைசி நேரத்தில் நின்றுபோனது. ஒரு மூச்சு அழுதாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன், அவளைப் பார்க்கவும் இல்லை, பேச்சுக் கொடுக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மடித்த துண்டு ஒன்றை உருவினாள். தன் பயணப் பையை இழுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போனாள். அந்தத் துண்டைத் திரையாகத் தொங்கவிட்டாள். “பாட்டி, டிக்கெட் எடுத்தாச்சா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் எடுத்தேன், அவள் கிழித்துக் கொடுத்தாள், அப்புறம் அந்த ரயில் சாயங்காலம் வரை ஓடியது. நான் போனைக் கொடுத்திருந்தால் அந்த ரயிலே வந்திருக்காது. பிள்ளைக்குச் சலித்துப்போகட்டும், தப்பில்லை. கைக்கு எட்டுகிற இடத்தில் பெட்டி, துணி, தண்ணீர், பழைய காகிதம் ஏதாவது கிடக்கட்டும், நீ பக்கத்தில் உன் வேலையைப் பார்.

இன்னொன்று எங்கள் வீட்டில் உண்டு. ராத்திரி எல்லோரும் அன்றைக்கு நடந்ததில் கடுப்பானது ஒன்று, சிரித்தது ஒன்று சொல்ல வேண்டும், பெரியவர்களும்தான். “பஸ்ஸைக் கோட்டைவிட்டேன், கோபம் கோபமா வந்துச்சு, அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைச்சுது” என்று தாத்தா சொல்வதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். பெரியவர்களுக்கும் ஏமாற்றம் வரும், வந்தாலும் மறுபடி சோறு இறங்கும் என்பதை வேறு எப்படித்தான் அவர்கள் தெரிந்துகொள்வார்கள்? ஒரு விஷயம் மட்டும் கவனி, “நல்லது ஏதாவது சொல்லு, சொல்லித்தான் ஆகணும்” என்று பிடித்து உலுக்கக் கூடாது. சில நாள் கடுப்பானது மட்டும்தான் இருக்கும். சரி, போகட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

அரைகுறை உளவியல்

பாட்டியம்மா சொன்னதற்கு மேல் மூன்றாவது கேள்விக்கு நான் சேர்க்க ஒன்றுமில்லை.

ஓட்டம் பற்றி. “நான் மெதுவா ஓடுறவனா?” என்றால், “ஆமா, உன் வகுப்பில நிறையப் பேரு இப்ப உன்னைவிட வேகமா ஓடுறாங்க” என்று சொல்லுங்கள். அவனுக்கே தெரிந்ததை நீங்கள் மறுத்தால் அடுத்த முறை உங்களிடம் கேட்க மாட்டான். அந்த “இப்ப” முக்கியம், பொய்யும் இல்லை, கதவையும் சாத்தவில்லை. உடனே “பயிற்சி பண்ணினா முதல்ல வரலாம்” என்று தாவ வேண்டாம், வராமலே போகலாம். ஓடுவது பிடிக்குமா என்று கேளுங்கள். பிடிக்கும் என்றால் கடைசியாக வருகிறவனுக்கும் ஓட்டம் பிடிக்கலாம் என்பதே அவனுக்குப் புதுச் செய்தியாக இருக்கும், போன மாதத்து அவனோடு அவனே போட்டி போடலாம். பிடிக்காது என்றால் அதுவும் நல்லதுதான், எல்லாவற்றிலும் ஜெயிக்க ஆசைப்பட வேண்டிய கட்டாயம் யாருக்கு இருக்கிறது?

நல்லதே நடக்கும் என்று கண்ணை மூடிக் கற்பனை செய்வதை நம்பிக்கை என்று நினைத்துவிடுகிறோம். கேப்ரியல் எட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதைப் பல வருடம் ஆய்ந்தவர். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்வதோடு நின்றுவிடுகிறவர்களுக்கு முயற்சி குறைகிறது, ஆசையோடு சேர்த்துக் குறுக்கே நிற்பதையும் யோசிக்கிறவர்களுக்குக் கூடுகிறது. ஆறு வயதுக்கு இதைச் சுருக்கினால், “என்ன நடக்கணும்னு ஆசை? அது நடக்காம போனா என்ன பண்ணலாம்?” நண்பன் வருவதற்கு முந்தின நாளே இதைக் கேட்டுவைக்கலாம். அவனுக்குக் காய்ச்சல் வந்ததை உங்கள் மகனால் மாற்ற முடியாது, ஆனால் போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதும், நாள்காட்டியில் வேறொரு நாளைத் தானே வட்டமிடுவதும், கார் வரிசையை அப்படியே வைத்திருப்பதா கலைப்பதா என்று முடிவெடுப்பதும் அவன் கையில் இருக்கிறது.

இதைச் சும்மா சொல்லவில்லை. 1967-இல் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் செய்த பரிசோதனை பிரபலமானது, தப்பிக்கவே முடியாத மின் அதிர்ச்சி வாங்கிய நாய்கள் பிறகு தப்பிக்க வழியிருந்தும் முயலாமல் படுத்துக்கொண்டன. கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொண்டன என்றுதான் அப்போது விளக்கினார்கள். ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016-இல், மூளை ஆய்வுகளைப் பார்த்துவிட்டு அதே இருவரும் நாங்கள் தலைகீழாகச் சொல்லிவிட்டோம் என்று எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் சோர்ந்து படுப்பதுதான் இயல்பாக வருவது, ‘என்னால் ஏதாவது செய்ய முடியும்’ என்பதுதான் கற்றுக்கொள்வது. உங்கள் மகனுக்கு அந்தப் பாடம் சின்னச் சின்னதாக நிறையத் தேவை.

அப்பாவின் வாக்குறுதி. இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். 2013-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 28 பிள்ளைகளை வைத்து ஒன்று செய்தார்கள். நல்ல க்ரேயான் கொண்டுவருகிறேன், காத்திரு என்று சொல்லிப் போனவர் பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார், மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து இல்லை என்றார். ஸ்டிக்கரிலும் அப்படியே. அதன் பிறகு ஒரு மிட்டாயைக் கொடுத்து, சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு தருவேன் என்றார்கள். வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். நாளை நல்லதாக இருக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால் பிள்ளை நம்பும். அவன் “ம்” என்று மட்டும் சொல்வது அவநம்பிக்கைக் குணம் இல்லை, சரியான கணக்கு. ஆகவே “அடுத்த வாரம்” வேண்டாம். “போக ஆசை, வேலை முடியுமான்னு வெள்ளிக்கிழமைதான் தெரியும், வெள்ளி ராத்திரி நானே வந்து சொல்றேன்” என்று சொல்லட்டும். சொன்னபடி வெள்ளி ராத்திரி போய்ச் சொல்லிவிட வேண்டும், பதில் ‘இல்லை’யாக இருந்தாலும்.

நேர்கோடு

அந்த க்ரேயான் விஷயம் எனக்கே உறைத்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி துப்பறிகிற விளையாட்டு எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமா? எட்டு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் பல் தேய்க்க வைப்பதே யுத்தம்.

சாக்பீஸ் டீச்சர்

நேர்கோடு, தினமும் யார் செய்யச் சொன்னார்கள்? எப்போதாவது ஒரு முறை, நல்ல மனநிலையில் இருக்கும்போது போதும். பலகையைக் கவிழ்த்தவள் இப்போது “ஐயோ பாம்பு” என்கிறாளே, நீங்கள் பேசாமலே அந்த வேலையைச் செய்திருக்கிறீர்கள்.

புது அம்மா

குறுக்கே நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு மூன்று வயது. நீலக் குவளை இல்லை, பச்சைதான் இருக்கிறது என்றால் தரையில் உருண்டு அழுகிறாள். இதெல்லாம் அவளுக்கும் பொருந்துமா?

சாக்பீஸ் டீச்சர்

மூன்று வயதுக்குத் துப்பறிதல், திட்டம் எதுவும் வேண்டாம். தன்னைக் கட்டுப்படுத்துகிற மூளைப் பகுதி முழுதாக வளர இருபது வயதுக்கு மேலும் ஆகும், மூன்று வயதில் அது இப்போதுதான் தவழ்கிறது. பெரும்பாலான அழுகைகள் சில நிமிடங்களில் தானாக ஓயும். பக்கத்தில் இருங்கள், அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், “நீலம் வேணும், நீலம் இல்ல” என்று ஒன்றிரண்டு முறை சொன்னால் போதும். அவள் உருள்கிறாள் என்பதற்காக நீலக் குவளையைத் தேடி ஓடாதீர்கள். அழுகை அடங்கியதும் பச்சையில் குடிக்கிறாயா, டம்ளரில் குடிக்கிறாயா என்று இரண்டே இரண்டு வழி கொடுங்கள். ஒன்று முடியப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், “இன்னும் ஒரு சறுக்கு, அப்புறம் வீடு” என்று, சொன்னால் அதோடு கிளம்பியும் விடுங்கள்.

சின்னவன் அம்மா, உங்களுக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன், பயமுறுத்த அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் சோகமாகவோ எரிச்சலாகவோ இருந்தாலோ, தூக்கமும் சாப்பாடும் மாறிப்போனாலோ, பிடித்த விளையாட்டைக்கூட முழுதாக விட்டுவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். “நான் இல்லாமலே போயிடலாம்” என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் இரண்டு வாரமெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிப்போங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் அந்த இடத்தில் இல்லை. ஒரு நாள் முழுக்க “போர்” என்பதெல்லாம் ஆறு வயதில் சகஜம்.